ஏழு சீட்டா, அகலமான ஐந்து சீட்டா? பாப்பா வந்தபின் நாங்கள் போட்ட கார் கணக்கு

பாப்பாவுக்கு இரண்டரை மாத ஊசி போடப் போன அன்று, எங்கள் 2014 ஆல்ட்டோவின் முன் சீட்டில் உட்கார்ந்த அப்பாவின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டி நின்றது. அவருக்குப் பின்னால்தான் பாப்பாவின் கார் சீட். பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் சீட் என்பதால் நிறைய நீளம் கேட்கிறது. அதற்காக அப்பாவின் சீட்டை ஆனமட்டும் முன்னால் இழுத்துவிட்டிருந்தேன். பின்னால் மிச்சமிருந்த இடத்தில் அம்மாவும் என் மனைவியும் ஏறினார்கள். கதவைச் சாத்த நான் வெளியே நின்று இடுப்பால் தள்ள வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஏற்கெனவே மூட்டு வலி. ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

அன்று ராத்திரியே பெரிய வண்டி பேச்சு வீட்டில் தொடங்கிவிட்டது. நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை, ஊர் மதுரை, அப்பாவின் சொந்த ஊர் ராஜபாளையம், மனைவி வீடு திருச்சி. இப்படி ஒரு குடும்பம் கார் வாங்கப் போகிறது என்றால் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் மாருதியின் ஏழு சீட் எர்டிகா. ஐந்து மாதம் பார்த்துவிட்டு நாங்கள் வேறு முடிவுக்கு வந்தோம். அந்தக் கணக்கை முழுதாக எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய கார் வாங்கும்வரை கார் சீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். "மடியில வச்சுக்கிட்டா பத்திரம்தானே" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று எதிலாவது மோதி நின்றால், ஏழு கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. சட்டமும் இதைச் சொல்கிறது: 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. பை விரியும் வேகமே குழந்தைக்கு ஆபத்து. எங்கள் ஆல்ட்டோவில் ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமலே கார் சீட்டை நேராக மாட்டும் கொக்கி) இல்லை, அதனால் பெல்ட்டால் கட்டும் வகையை 11,000 ரூபாய்க்கு வாங்கினோம். வண்டி மாறினாலும் இந்தச் சீட் கூடவே வரும்.

இனி கணக்கு. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், ஆல்ட்டோ போதாத ஒவ்வொரு நாளையும் வட்டம் போட்டு, கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தோம். வட்டத்துக்குள் எத்தனை பேர் போனோம் என்ற எண். மூன்று மாதத்தில் 22 தாள் சேர்ந்தது. அதில் 20 தாளில் எண் 5: நாங்கள் நாலு பேரும் பாப்பாவும். இரண்டே தாளில்தான் 6, 7. ஒன்று பாப்பாவுக்கு மொட்டை போடக் குலதெய்வம் கோயிலுக்குப் போன நாள், இன்னொன்று ஒரு கல்யாணம்.

இந்த 22 தாள்தான் எங்கள் முடிவையே திருப்பியது. ஏழு சீட் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வேண்டியிருந்தது, கார் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் நெருக்கமில்லாமல் உட்காரக்கூடிய ஒரு பின் சீட்.

இருப்பதையே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது டாக்ஸி எடுத்தால் என்ன? இதை யாரும் மதித்துப் பேசுவதில்லை, ஆனால் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். மூன்று மாதத்துக்கு 22 என்றால் வருஷத்துக்கு 88. அதில் 12 வெளியூர்ப் பயணம், மீதி 76 ஊருக்குள். ஊருக்குள் போய்வர 500 ரூபாய் வைத்தால் 38,000. வெளியூருக்கு எங்களுக்குச் சொன்ன வாடகை கிலோமீட்டருக்கு 18 ரூபாய். டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்குச் சராசரி 5,000 என்றால் 60,000. மொத்தம் 98,000, அதாவது மாதம் 8,000 சொச்சம். ஒரு சின்ன லோனின் தவணையும் ஏறக்குறைய அதுதான். ஆக, எங்களுக்கு இரண்டும் சரிக்குச் சரி வந்து நின்றது. மூன்று மாதத்துக்குப் பத்து வட்டத்துக்குள் வருகிற வீடாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு டாக்ஸியைத்தான் சொல்வேன்.

எங்களை டாக்ஸியிலிருந்து விலக்கியது பணமே இல்லை. வந்த வண்டிகள் பலவற்றில் பின் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. ஒருமுறை திருச்சிக்குக் கிளம்பும்போது, டிரைவர் அண்ணனும் நானும் கவரின் ஓரத்தைக் கழற்றி, கைவிட்டுத் துழாவி, தூசி படிந்த ஒரு பக்கிளை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. பெல்ட் இல்லாமல் அந்தக் கார் சீட் சும்மா ஒரு நாற்காலிதான். பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். நல்ல மனிதர் அவர், முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய முடியாது.

அடுத்து என் தாய்மாமாவின் 2012 இன்னோவா, டீசல். "மாப்ள, வெளிய குடுக்குறத உனக்கே குடுத்துர்றேன், அஞ்சு லட்சம் குடு போதும்" என்றார். ஓட்டிப் பார்த்தேன், பதிமூன்று வயசு வண்டி என்று சொல்லவே முடியாது. ஆனாலும் வேண்டாம் என்றேன். 2027ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தகுதிச் சான்று, பசுமை வரி. 1,500 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வருஷத்துக்கு 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை அது 3,416தான். டயர், கிளட்ச் என்று எதைத் தொட்டாலும் பெரிய வண்டிக்குரிய செலவு. மாமா வண்டியில் ஐசோஃபிக்ஸும் கிடையாது. இன்னொன்று, சொந்தத்துக்குள் வாங்கிய வண்டி நடுரோட்டில் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மாமாவோடு இருக்கும் உறவு எனக்கு வண்டியைவிடப் பெரிது. அவரும் புரிந்துகொண்டார்.

செகண்ட் ஹேண்ட் எர்டிகாவைத்தான் அதிக நாள் தேடினோம். 2020 மாடல் பெட்ரோல் வண்டிக்கு ஏழரை லட்சம் வரை கேட்டார்கள். எர்டிகாவுக்கு மறுவிலை இறங்குவதே இல்லை. விற்கும்போது சந்தோஷம், வாங்கும்போது கஷ்டம். பழைய காருக்கு லோன் வட்டியும் கூடுதல். எங்களுக்குச் சொன்னது 13 சதவீதம். புதுக் காருக்கு 9. இந்த நாலு சதவீத வித்தியாசம் விலைக் குறைவில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. 3 லட்சம் லோன் வாங்கி நாலு வருஷத்தில் கட்டினால் மாதம் 8,048, வட்டி மட்டும் 86,000 ரூபாய்க்கு மேல்.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்காக ஒரு செய்தி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு மற்ற ஊர்களுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. நாங்கள் பார்த்த ஒரு வெள்ளை எர்டிகா உள்ளே பளபளவென்று இருந்தது, நல்ல வாசனை வேறு. கூட வந்த மெக்கானிக் எதுவும் பேசாமல் பின் சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரியும் பாகம் சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளே இருந்த கடைசி ஒன்றரை அடியில் பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு. பிறகு முன் சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் எல்லாம் துருப்பிடித்திருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். டி-போர்டில் டாக்ஸியாக ஓடி ஓன் போர்டுக்கு மாறியதா, மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா, ஆர்.சி.யில் எச்.பி. (லோன் கொடுத்தவரின் அடமானப் பதிவு) ரத்தாகியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். சர்வீஸ் ரெக்கார்டு தராத வண்டியை நான் தொடமாட்டேன்.

புது எர்டிகா என்றால் கணக்கே வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியபோது, நாலு மீட்டர் நீளத்துக்குள் 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமானது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. எர்டிகாவின் நீளம் நாலு மீட்டருக்கு மேல், இன்ஜின் 1,462 சிசி. இரண்டிலுமே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஷோரூம் விலை 9 லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறது, நமக்கு வேண்டிய வசதிகள் வரும் மாடல் 10 லட்சத்தைத் தொடுகிறது. அந்த 10 லட்சம் ஒரு முக்கியமான கோடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆயுட்கால வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 15. ஒன்பதே முக்கால் லட்சத்து வண்டியும் பத்தேகால் லட்சத்து வண்டியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சாலை வரியில் மட்டும் 27,000 ரூபாய் வித்தியாசம் வரும். பத்தைத் தாண்டினால் ஒரு சதவீத டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டக் கூடியது. எங்களிடம் இருந்த பணத்துக்கு இந்த வண்டி 7 லட்சம் லோன் கேட்டது. ஐந்து வருஷத்துக்கு 9 சதவீதத்தில் மாதம் 14,531. கியா கேரன்ஸும் இதற்கு மேலேதான்; பார்க்கவே இல்லை.

14,531 கட்ட முடியுமா? தாளில் எழுதிப் பார்த்தபோது முடியும் என்றுதான் வந்தது. ஆனால் அந்தத் தாளில் இரண்டு சம்பளம் இருந்தது. என் மனைவிக்கு 26 வாரச் சம்பள விடுப்பு முடிந்து, பாப்பாவுக்காக மேலும் மூன்று மாதம் சம்பளமில்லாமல் லீவு போட்டிருந்தாள். அதனால் ஒரு சோதனை செய்தோம்: கார் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, மாதம் 12,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்கில் போட்டோம். முதல் இரண்டு மாதம் சமாளித்தோம். மூன்றாம் மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அட்மிட் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கணக்கிலிருந்து 4,000 ரூபாயைத் திரும்ப எடுத்தோம். வங்கியின் தவணையில் இப்படித் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் எல்லை 8,000, மிஞ்சினால் 8,500 என்று அன்று தெரிந்தது. கார் ஆசையில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், நாலு மாதம் இப்படிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணம் முன்பணமாகவும் ஆகும்.

8,500 எல்லைக்குள் புதிதாக வருபவை இரண்டு. ஒன்று ரெனால்ட் ட்ரைபர். 3,990 மில்லிமீட்டருக்குள் ஏழு சீட். 999 சிசி, 72 குதிரைத் திறன். கடைசி வரிசையின் இரண்டு சீட்டையும் தனித்தனியே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது டிக்கி 625 லிட்டர். ஏழையும் மாட்டினால் 84 லிட்டர்தான், ஒரு டயபர் பையும் தண்ணீர் கேனும் வைத்தால் நிறைந்துவிடும். விலைக்கு இவ்வளவு இடம் தரும் வேறு வண்டி கிடையாது, அதை மனதாரச் சொல்கிறேன். ஆறு ஏழு பேராகக் கொடைக்கானல், ஊட்டி என்று அடிக்கடி மலையேறுபவர்களுக்கு மட்டும் அந்த இன்ஜின் திணறும்.

இன்னொன்று டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ மாதிரி நாலு மீட்டருக்குள் வரும் ஐந்து சீட் வண்டிகள்.

இங்கேதான் அளவு டேப்போடு போனோம். மனைவியின் தையல் டேப். எர்டிகாவின் அகலம் 1,735 மில்லிமீட்டர், ட்ரைபர் 1,739, நெக்ஸான் 1,804. நீளத்தில் நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல் பெரிய எர்டிகா, அகலத்தில் நெக்ஸானைவிட ஏழு சென்டிமீட்டர் குறைவு. இது எங்களுக்கே ஆச்சரியம். பெரிய வண்டி என்றால் எல்லாப் பக்கமும் பெரிது என்று நினைத்துவிடுகிறோம்.

ஷோரூம்களுக்குக் கார் சீட்டையும் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஏழு சீட் வண்டியில் இரண்டாம் வரிசையில் கார் சீட்டை மாட்டியதும் ஒரு சிக்கல் தெரிந்தது. கார் சீட் இருக்கும் பக்கத்துச் சீட்டை மடக்க முடியாது, கடைசி வரிசைக்கு மறுபக்கம்தான் வழி. இடதுபக்கம் கார் சீட் வைத்தால், பின்னால் போகிறவர் வண்டிகள் வரும் வலதுபக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். வலதுபக்கம் வைத்தால் பாப்பாவை ரோட்டுப் பக்கம் நின்று தூக்கி வைக்க வேண்டும்.

சரி, கடைசி வரிசைக்கு யார் போவது? பால் கொடுக்க, அழுதால் தட்டிக்கொடுக்க மனைவி பாப்பா பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அப்பாவால் காலை மடக்க முடியாது. "எனக்கென்னய்யா, நான் பின்னால உக்காந்துக்கிறேன்" என்று அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். இறங்கும்போது சேல்ஸ் தம்பியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு வயசில் வாரத்துக்கு ஒருமுறை அவரை இப்படி ஏற்றி இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, எந்த வண்டி வாங்கினாலும் கார் சீட், மனைவி, அம்மா மூவரும் ஒரே வரிசையில்தான். அப்படியானால் அந்த வரிசை எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி, கடைசி வரிசைக்குக் கொடுக்கும் பணம் எங்களுக்கு வீண்.

பாதுகாப்பும் இதே பக்கம் சாய்ந்தது. மோதல் சோதனையில் ட்ரைபர் 2021ல் பெரியவர்களுக்கு நாலு, குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரம் வாங்கியது. எர்டிகாவுக்கு 2019ல் மூன்று. பிறகு விதிகள் கடுமையானபோது, ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்தியத் தயாரிப்புகளில் ட்ரைபருக்கு இரண்டு, எர்டிகாவுக்கு ஒன்று. அவை இரண்டு ஏர்பேக் வண்டிகள், இப்போது இங்கே இரண்டிலும் ஆறு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெக்ஸான் 2024ல் பெரியவர், குழந்தை இரண்டிலும் ஐந்து நட்சத்திரம், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து. குழந்தைக்காகத்தான் வண்டியே மாற்றுகிறோம் என்றால் இதை ஒதுக்க முடியவில்லை. நடுச் சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் அங்கேதான் ஒரு பெரியவர் உட்காரப்போகிறார்.

நெக்ஸானின் ஆரம்ப மாடலைப் பதிவு செய்தோம். எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு எட்டே முக்கால் லட்சம் வந்தது. ஆல்ட்டோவை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 1,60,000 கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு 1,95,000க்குக் கொடுத்தோம். விற்கும்போது என்.சி.பி. கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். க்ளெய்ம் செய்யாத வருஷங்களுக்கான அந்தச் சலுகை வண்டிக்கு உரியது கிடையாது, நமக்கு உரியது. ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால், புது வண்டியின் சொந்தச் சேதக் காப்பீட்டில் 50 சதவீதம் குறையும். ஷோரூமில் இதை அவர்களாகச் சொல்லவில்லை, நான் கேட்டபிறகுதான் கணக்கை மாற்றினார்கள்.

லோன் 4 லட்சம், ஐந்து வருஷம், மாதம் 8,303. ஏழு வருஷமாக்கினால் 6,436தான் வரும் என்று ஆசை காட்டினார்கள். அதில் வட்டி 42,000 ரூபாய் கூடுதல். பெட்ரோல் செலவு ஆல்ட்டோவைவிட மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஏறும், டாக்ஸிக்குப் போனது நிற்கும். டிக்கி 382 லிட்டர்: மடக்கு ஸ்ட்ரோலர், தொட்டில் சேலை, இரண்டு பெட்டி தாராளமாகப் போகிறது.

நாலு பேருக்கு மேல் பெரியவர்கள் வாராவாரம் போகும் வீடு என்றால் இந்த முடிவு தவறாகிவிடும். அவர்களுக்கு எர்டிகாவே சரி. இரண்டாவது பிள்ளையும் வந்து இரண்டு கார் சீட் மாட்டும் வீட்டில், நடுவில் பெரியவர் உட்கார இடமே இருக்காது. அங்கே ட்ரைபரின் கடைசி வரிசைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எங்கள் வண்டியிலும் நடுச் சீட் சொகுசு இல்லை. முதல் திருச்சிப் பயணத்தில் அம்மா நடுவில் உட்கார்ந்தார், ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தி, அம்மா ஜன்னலோரத்துக்கும் மனைவி நடுவுக்கும் மாறிக்கொண்டார்கள். நடுவில் இருந்தால் பாப்பாவுக்கு இன்னும் பக்கம் என்று மனைவிக்கு அதுவே பிடித்துப்போயிற்று. இப்போது கிளம்பும்போதே அப்படித்தான் ஏறுகிறார்கள். அப்பாவின் முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம் இடம் இருக்கிறது.